கண்ணாடித் தொட்டிக்குள் கடல்! எந்த மீனோடு எந்த மீனை விடலாம்?

நேற்று இரவு தொட்டியில் 6 மீன்கள் இருந்தன. இன்று காலை எண்ணினால் 5 தான் இருக்கின்றன.

செத்து மிதக்கிறதா என்று பார்த்தால், அதுவும் இல்லை. மூடி போட்டது போட்டபடி இருக்கிறது. பூனையும் வரவில்லை. அப்படியானால் ஆறாவது மீன் எங்கே?

ஐந்தாவது மீனின் வயிற்றுக்குள்!

கடல் மீன் வளர்க்கத் தொடங்கும் வீடுகளில் அடிக்கடி நடக்கும் கதை இது. தொட்டி வாங்குகிறார்கள். உப்பு வாங்குகிறார்கள். விளக்கு, பம்பு எல்லாம் வாங்கி வைக்கிறார்கள். பிறகு கடைக்குப் போய், சிவப்பில் ஒன்று, நீலத்தில் ஒன்று, மஞ்சளில் ஒன்று என்று புடவை எடுப்பது போல நிறம் பார்த்து மீன் எடுத்து வருகிறார்கள். பெட்டிக்குள் வைத்த புடவைகள் ஒன்றை ஒன்று கடிப்பதில்லை. மீன்கள் கடிக்கும்.

எந்த மீன் அழகு என்பது கடைசியில் கேட்க வேண்டிய கேள்வி. எந்த மீன் எந்த மீனோடு ஒத்துப் போகும் என்பதுதான் முதல் கேள்வி.

பங்காளிச் சண்டை

நல்ல தண்ணீரில் கப்பி, மோலி போன்ற மீன்களை வளர்த்தவர்களுக்கு இது விசித்திரமாக இருக்கும். அந்த மீன்கள் கூட்டமாகத் திரியும். பத்தோடு பதினொன்றாக இன்னொன்றைப் போட்டாலும் பெரிய தகராறு வராது.

கடல் மீன் அப்படி அல்ல. கடைகளில் விற்கும் வண்ணக் கடல் மீன்களில் பெரும்பாலானவை பவளப் பாறைகளில் வாழ்கிறவை. பாறையில் கூட்டம் அதிகம், இடம் குறைவு. ஒரு பொந்து கிடைத்தால் அதுதான் வீடு. பொந்தைச் சுற்றி உள்ள சிறு இடம்தான் நிலம். அதை விட்டால் பிழைப்பு இல்லை. ஆகவே அதற்காக உயிரைக் கொடுத்துச் சண்டை போடும்.

'டாம்சல்' என்று ஒரு சிறிய மீன் குடும்பம் இருக்கிறது. அதில் சில இனங்கள் பயிர்த் தொழில் செய்கின்றன! பாறை மீது பாசியை வளர்க்கின்றன. வேண்டாத பாசியைக் களை எடுப்பது போலப் பிடுங்கி எறிகின்றன. வரப்பில் வேறு மீன் கால் வைத்தால், அதாவது துடுப்பு வைத்தால், பாய்ந்து விரட்டுகின்றன. கடலுக்குள் மூழ்கி வரும் மனிதனைக்கூட முட்டும். அதன் நீளமோ ஒரு விரல் அளவு!

இந்தச் சண்டையில் ஒரு முறை உண்டு. யார் தன்னைப் போலவே இருக்கிறானோ, தான் தின்பதையே தின்கிறானோ, தன் பொந்தையே தேடுகிறானோ, அவன்தான் முதல் எதிரி. வழிப்போக்கனோடு சண்டை இல்லை. பங்காளியோடுதான் சண்டை.

கடலில் தோற்ற மீன் ஓடிப் போய்விடும். கடல் பெரியது. 3 அடித் தொட்டியில் எங்கே ஓடுவது? ஓடினால் கண்ணாடி. திரும்பினால் விரட்டியவன். தோற்ற மீன் ஒரு மூலையில் ஒண்டிக் கொள்கிறது. துடுப்பு கிழிந்திருக்கும். தீனி போட்டால் வெளியே வராது. சில நாட்களில் செத்துப் போகும். வீட்டுக்காரர், "தண்ணீர் சரியில்லை" என்று நினைத்துக் கொள்கிறார்.

மலிவு மீன் ஜாக்கிரதை!

கடல் மீன்களில் மலிவானது டாம்சல்தான். பளபளக்கும் நீலத்தில் ஒரு ரகம். கரிய உடம்பில் மூன்று வெள்ளைப் பொட்டு வைத்தது இன்னொரு ரகம். பார்த்தால் கண்ணைப் பறிக்கும்.

"இது லேசில் சாகாது சார்! முதலில் இதை விடுங்கள்" என்று சில கடைகளில் சொல்வார்கள்.

அவர்கள் சொல்வது பொய் அல்ல. அது சாகாது. மற்ற மீன்களைத்தான் சாகடிக்கும்.

முதலில் விடப்படும் டாம்சல், தொட்டி முழுவதையும் தனக்குப் பட்டா போட்டுக் கொள்ளும். பிறகு வரும் எந்த மீனையும் நிம்மதியாக இருக்க விடாது. மூன்று பொட்டு மீன், குஞ்சாக இருக்கும்போது ஒரு அங்குலம். வளர்ந்தால் 5 அங்குலத்துக்கு மேல். அதை வெளியே எடுத்துவிடலாம் என்றால், வலைக்கு அகப்படாது. பாறைகளை ஒவ்வொன்றாக எடுத்துத் தொட்டியையே கலைக்க வேண்டியிருக்கும். கலைத்தவர்களைக் கேட்டால் தெரியும், அந்தக் கஷ்டம்!

படத்தில் வந்த மீன்கள்

2003-ல் 'ஃபைண்டிங் நீமோ' என்ற கார்ட்டூன் படம் வந்தது. 2016-ல் 'ஃபைண்டிங் டோரி' வந்தது. அன்று முதல் கடைக்கு வரும் குழந்தைகள் இரண்டே மீன்களைத்தான் கேட்கிறார்கள். ஆரஞ்சு நிறத்தில் வெள்ளைப் பட்டை போட்ட கோமாளி மீன் ஒன்று. மஞ்சள் வால் கொண்ட நீல மீன் மற்றொன்று.

கோமாளி மீனை வாங்கிக் கொடுக்கலாம். நீல மீனை வாங்கக் கூடாது.

ஏன்? கடையில் அது 2 அங்குலம்தான் இருக்கும். வளர்ந்தால் ஏறத்தாழ ஒரு அடி! கடலில் நாள் முழுவதும் நீந்திக் கொண்டே இருக்கும் மீன் அது. அதற்கு 6 அடித் தொட்டி வேண்டும். 3 அடித் தொட்டியில் விடுவது, குதிரையைக் குளியல் அறையில் கட்டுவது போல. அதன் வாலின் இரு பக்கத்திலும் கத்தி போன்ற முள் உண்டு. அதனால்தான் அந்தக் குடும்பத்துக்கே 'சர்ஜன் மீன்' என்று பெயர். உடம்பில் வெள்ளைப் புள்ளி நோயும் அதற்குச் சீக்கிரம் வரும். ஒன்றுக்கு வந்தால் தொட்டி முழுவதும் பரவும்.

ஆகவே கடையில் மீனின் அளவைப் பார்க்கக் கூடாது. வளர்ந்தால் எவ்வளவு வரும் என்று கேட்க வேண்டும்.

வாயின் அளவையும் பார்க்க வேண்டும். கடல் மீன்களில் பெரும்பாலானவை, வாய்க்குள் நுழையும் எதையும் தின்றுவிடும். பிடரி போல் துடுப்பு விரித்து அன்ன நடை போடும் சிங்க மீன் கொள்ளை அழகு. ஆனால் இரவில் பக்கத்து மீனை ஒரே வாயில் விழுங்கிவிடும். அதன் முதுகு முள்ளில் விஷமும் உண்டு. குழந்தைகள் இருக்கும் வீட்டுக்கு அது ஆகவே ஆகாது. கிளாத்தி இறாலையும் நண்டையும் நொறுக்கும். பேத்தை மற்ற மீன்களின் துடுப்பைக் கடித்துத் துண்டாக்கும். கொம்பு வைத்த பெட்டி மீன் ஒன்று இருக்கிறது, சாது. ஆனால் பயந்துவிட்டால் உடம்பிலிருந்து விஷத்தைக் கசியவிடும். மூடிய தொட்டியில் அந்த விஷம் மற்ற மீன்களைக் கொல்லும். அதையே கொன்றாலும் கொல்லும்.

பட்டினி கிடக்கும் அழகிகள்

சண்டையே போடாமல் சாகிற மீன்களும் உண்டு. அவை பட்டினியால் சாகின்றன.

'மாண்டரின்' என்ற மீனுக்கு, பச்சையும் நீலமும் ஆரஞ்சும் கலந்து பட்டுச் சேலையில் சித்திரம் தீட்டியது போன்ற உடம்பு. அதற்கு இரை, பாறையில் ஊர்ந்து திரியும் மிகச் சிறிய பூச்சிகள். புதுத் தொட்டியில் அந்தப் பூச்சி ஏது? கடைத் தீனியைப் பெரும்பாலும் தொடாது. இரை தேடித் தேடி, வயிறு ஒட்டிச் சாகும்.

வண்ணத்துப்பூச்சி மீன்களில் பல, பவளப் பூச்சியைத் தின்று வாழ்கின்றன. அவற்றுக்கும் அதே கதி.

'சுத்தக்கார மீன்' ஒன்று இருக்கிறது. நீல உடம்பில் கறுப்புக் கோடு. கடலில் அது ஒரு பாறையருகே கடை போட்டிருக்கும். பெரிய மீன்கள் வரிசையாக வந்து வாயைத் திறந்து நிற்கும். இது உள்ளே நுழைந்து அழுக்கையும் ஒட்டுண்ணியையும் தின்றுவிட்டு வரும். யாரும் அதை விழுங்குவதில்லை! வீட்டுத் தொட்டியில் அதற்கு வாடிக்கைக்காரர்கள் ஐந்தாறு பேர்தான். வருமானம் போதாமல் மெலிந்து சாகிறது. நோய்க்கு மருந்து போல் இதை விற்பவர்கள் உண்டு. நம்பக் கூடாது.

வாங்குமுன் ஒரு சோதனை செய்யலாம். கடைக்காரரிடம், "இந்த மீனுக்கு இப்போது கொஞ்சம் தீனி போடுங்கள்" என்று கேட்க வேண்டும். கண் எதிரில் தின்றால் வாங்கலாம். தின்னவில்லை என்றால், எவ்வளவு அழகாக இருந்தாலும் திரும்பி வந்துவிடலாம்.

சட்டம் என்ன சொல்கிறது?

பவளப் பாறையையும் கடல் குதிரையையும் வீட்டில் வைக்கச் சிலர் ஆசைப்படுகிறார்கள். இந்தியாவில் அது குற்றம். 2001-ல் இவை இரண்டும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் பட்டியலில் சேர்க்கப்பட்டன. புலி இருக்கும் பட்டியல் அது! செத்துக் காய்ந்த பவளத் துண்டும் கூடாது.

தூத்துக்குடி முதல் ராமேசுவரம் வரை உள்ள மன்னார் வளைகுடாவின் 21 தீவுகள், 1986-ல் கடல் தேசியப் பூங்கா ஆக்கப்பட்டன. "கடற்கரையில் கிடந்தது, எடுத்து வந்தேன்" என்ற சமாதானம் அங்கே எடுபடாது. தொட்டிக்குச் செயற்கைப் பாறைகள் கடையில் கிடைக்கின்றன. பொந்துகள் நிறைய உள்ளதாகப் பார்த்து வாங்கினால் மீன்களுக்கு அதுவே போதும்.

மீன் வருமுன் தண்ணீர்

3 அடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம் உள்ள தொட்டி, முதல் முயற்சிக்கு ஏற்றது. ஏறத்தாழ 190 லிட்டர் தண்ணீர் பிடிக்கும். சின்னத் தொட்டி சுலபம் என்று நினைப்பது தவறு. தண்ணீர் குறைந்தால் அழுக்கு சீக்கிரம் விஷமாகும். சண்டைக்கும் அதுவே காரணம் ஆகும்.

சமையல் உப்பு ஆகாது. கடல் மீனுக்கென்று தனி உப்பு விற்கிறது. வடிகட்டிய சுத்தமான தண்ணீரில், லிட்டருக்குச் சுமார் 35 கிராம் வீதம் கரைக்க வேண்டும். உப்பு அளக்கும் கருவியில் 1.025 என்று காட்டினால் சரி. ஊர்க் கடற்கரையிலிருந்து குடத்தில் மொண்டு வருவது வேண்டாம். கரையோரத் தண்ணீரில் சாக்கடை கலந்திருக்கும்.

உப்பளத்தைப் பார்த்தவர்களுக்கு ஒன்று தெரியும். வெயிலில் தண்ணீர்தான் ஆவியாகும். உப்பு அங்கேயே நிற்கும். தொட்டியிலும் அப்படியே. குறைந்த தண்ணீருக்கு மீண்டும் உப்புத் தண்ணீர் ஊற்றினால், நாளுக்கு நாள் உப்பு ஏறி மீன் சாகும். குறைந்ததற்கு நல்ல தண்ணீர்தான் ஊற்ற வேண்டும்.

தொட்டியை நிரப்பிய அன்றே மீன் விடக் கூடாது. மீனின் கழிவிலிருந்து அம்மோனியா என்ற விஷம் வரும். அதைத் தின்று மாற்றும் நல்ல கிருமிகள் பாறையிலும் மணலிலும் வளர வேண்டும். அவை அம்மோனியாவை நைட்ரைட் ஆக்கும். பிறகு நைட்ரேட் ஆக்கும். இதற்கு 4 முதல் 6 வாரம் பிடிக்கும். மீன் இல்லாத தொட்டியில் தினம் ஒரு சிட்டிகை மீன் தீனி போட்டு வந்தால், அது அழுகிக் கிருமிகளுக்கு உணவாகும். சோதனை மருந்தில் அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யம் என்று காட்டிய பிறகே மீன்.

வெறும் தண்ணீரை ஒரு மாதம் பார்த்துக் கொண்டிருப்பது குழந்தைகளுக்குப் பிடிக்காது. பெரியவர்களுக்கும்தான்! பாதித் தொட்டிகள் இந்த அவசரத்தில்தான் பாழாகின்றன.

நம் ஊரில் சூடும் ஒரு தொல்லை. 24 முதல் 27 டிகிரி வரை இருந்தால் மீன்களுக்குச் சுகம். கோடையில் தொட்டியின் மேலே சிறு விசிறி வைத்தால் சில டிகிரி குறையும்.

யார் யார் ஒத்துப் போவார்கள்?

முதல் தொட்டிக்கு நம்பி வாங்கக் கூடியது கோமாளி மீன். 3 அங்குலத்துக்கு மேல் அதிகம் வளராது. தின்பதற்கு அடம் பிடிக்காது. பத்து ஆண்டுக்கு மேலும் வாழும். மண்டபத்தில் உள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தில், கோமாளி மீன்களை முட்டையிடச் செய்து குஞ்சு வளர்க்கும் முறை உருவாக்கப்பட்டிருக்கிறது. பண்ணையில் பிறந்த குஞ்சு கண்ணாடிக்குப் பழகியது. கடைத் தீனிக்கும் பழகியது. கடலில் பிடித்த மீனை விட அது எத்தனையோ மேல். பிலிப்பைன்ஸ், இந்தோனேசியா கடல்களில், பாறைப் பொந்தில் சயனைடு விஷத்தைப் பீச்சி, மீனை மயங்க வைத்துப் பிடிக்கும் கள்ளத் தொழில் நெடுங்காலமாக நடந்திருக்கிறது. அப்படிப் பிடித்த மீன் கடையில் நன்றாகத்தான் இருக்கும். வீட்டுக்கு வந்து சில நாளில் சாகும்.

கோமாளி மீனில் ஆண் எது, பெண் எது என்று கேட்டு வாங்க முடியாது. எல்லாக் குஞ்சும் ஆணாகவே வளரும்! இரண்டை ஒன்றாக விட்டால், வலியது பெண்ணாக மாறும். மற்றது அதற்கு அடங்கிய கணவனாக இருக்கும். பெண் செத்துப் போனால் அந்தக் கணவனே பெண்ணாகிவிடும்! ஆகவே பெரிதாக ஒன்று, சிறிதாக ஒன்று பார்த்து ஒரே இனத்தில் இரண்டு வாங்க வேண்டும். மூன்று வாங்கினால், இரண்டும் சேர்ந்து மூன்றாவதைத் துரத்தும்.

கடலில் கோமாளி மீன், கடல் சாமந்திக்குள் குடியிருக்கும். வீட்டில் அது இல்லாமலே வாழும். கடல் சாமந்திக்குப் பலத்த வெளிச்சமும் பழகிய தொட்டியும் வேண்டும். நினைத்தால் நகர்ந்து போய்ப் பம்பில் மாட்டிக் கொள்ளும். முதல் வருஷம் அதை நினைக்கவே வேண்டாம்.

கோமாளி மீனுக்கு நல்ல அண்டை வீட்டுக்காரன், உளுவை இனத்தைச் சேர்ந்த காவல்கார மீன். அது அடித்தரையில் வாழும்; கோமாளி மேலே நீந்தும். இருவருக்கும் வரப்புத் தகராறு இல்லை. இந்த உளுவைக்குக் கூட்டாளி ஒரு சொடக்கு இறால். இறாலுக்குக் கண் பார்வை மிகவும் மட்டம். ஆனால் மண் தோண்டுவதில் சூரன். இறால் வளை தோண்டும். உளுவை வாசலில் காவல் நிற்கும். இறால் தன் மீசையில் ஒன்றை எப்போதும் உளுவையின் மேல் வைத்திருக்கும். ஆபத்து வந்தால் உளுவை வாலை அசைக்கும். அடுத்த கணம் இருவரும் வளைக்குள்! இந்த ஒரு காட்சிக்காகவே கடல் தொட்டி வைத்தவர்கள் உண்டு.

முன்பாதி வெள்ளையும் பின்பாதி நெருப்பு நிறமுமாக ஒரு சின்ன மீன் கிடைக்கும். நெருப்பு மீன் என்றே பெயர். பரம சாது. ஒன்றே ஒன்று போதும். இரண்டு விட்டால் தமக்குள் அடித்துக் கொள்ளக் கூடும். திடுக்கிட்டால் தொட்டியை விட்டு வெளியே துள்ளிவிடும். அதனால் தொட்டிக்கு மேலே வலை கட்டிவிட வேண்டும்.

இந்தோனேசியாவின் பங்காய் தீவுகளில் ஒரு வெள்ளி நிற மீன் இருக்கிறது. உடம்பில் கறுப்புப் பட்டைகள். அப்பா மீன் முட்டையை வாயில் வைத்துக் காக்கும். குஞ்சு பொரித்த பிறகும் சில நாள் வாயிலேயே வைத்திருக்கும். ஏறத்தாழ ஒரு மாதம் முழுப் பட்டினி! தொட்டிக்காக அளவு மீறிப் பிடித்ததால் கடலில் அதன் தொகை குறைந்து போயிற்று. 2007-ல் அழியும் ஆபத்தில் உள்ள இனமாக அது பட்டியலில் சேர்க்கப்பட்டது. பண்ணையில் பிறந்த ஜோடி கிடைத்தால் வாங்கலாம். இல்லாவிட்டால் விட்டுவிடலாம்.

ஆக, கோமாளி 2, காவல்கார உளுவை 1, நெருப்பு மீன் 1, பங்காய் ஜோடி 2. மொத்தம் 6. இந்தத் தொட்டிக்கு இதுவே நிறைவு.

வரிசை மாறக் கூடாது

ஆறையும் ஒரே நாளில் விட்டால் அம்மோனியா ஏறிவிடும். இரண்டு மூன்று வாரம் இடைவெளி விட வேண்டும். சாது முதலில், கெட்டிக்காரன் கடைசியில். முதலில் நெருப்பு மீன் போக வேண்டும். அது தனக்கு ஒரு பொந்து தேடிக் கொள்ளும். அடுத்து உளுவையும் இறாலும். பிறகு பங்காய் ஜோடி. கோமாளிதான் கடைசி, வளர்ந்த பெண் கோமாளிக்கு அதிகாரம் ஜாஸ்தி. அது முன்னால் போனால் மற்றவர்களுக்கு இடம் கிடைக்காது.

ஒவ்வொரு புது மீனும் முதலில் தனியாக ஒரு சின்னத் தொட்டியில் 4 வாரம் இருப்பது நல்லது. வெள்ளைப் புள்ளி நோய் இருந்தால் அங்கே தெரிந்துவிடும். செம்பு கலந்த மருந்தை அங்கேதான் போட வேண்டும். பெரிய தொட்டியில் போட்டால் இறால் செத்துப் போகும்.

புது மீனை விடும்போது பாறைகளைக் கொஞ்சம் மாற்றி வைப்பது அனுபவசாலிகளின் தந்திரம். பழைய மீன்களுக்குத் தங்கள் வீடே அடையாளம் தெரியாமல் போகும். பட்டா இல்லாதபோது சண்டை ஏது? விளக்கை அணைத்துவிட்டு விடுவது இன்னும் நல்லது. மீன் வந்த பையின் தண்ணீரைத் தொட்டியில் ஊற்றக் கூடாது.

இப்படி ஒத்துப் போன ஒரு தொட்டியில், வருஷம் ஒன்றிரண்டு போன பின், கோமாளி ஜோடி ஒரு பாறையை வாயால் தேய்த்துத் தேய்த்துச் சுத்தம் செய்யத் தொடங்கும். பிறகு ஒரு நாள் அந்த இடத்தில் ஆரஞ்சு நிறத்தில் நூற்றுக்கணக்கான முட்டைகள் ஒட்டியிருக்கும். கணவன் பக்கத்திலேயே நின்று, துடுப்பால் விசிறிக் கொண்டிருக்கும். கெட்டுப் போன முட்டையைப் பொறுக்கி எடுத்துவிடும். சுமார் ஒரு வாரத்தில், விளக்கு அணைந்த பிறகு, இருட்டில் குஞ்சு பொரிக்கும். மண்டபத்துப் பண்ணையில் அந்தக் குஞ்சுகளுக்குத் தனித் தொட்டி உண்டு. கண்ணுக்குத் தெரியாத அளவில் உயிருள்ள தீனியும் உண்டு. வீட்டுத் தொட்டியில் அது கிடையாது. விடிந்து பார்த்தால் ஒரு குஞ்சுகூட இருக்காது. பதினைந்து நாள் போனால், அதே பாறையில் மீண்டும் முட்டை!